வேர்வையும் கலோரியும்

தெல்தெனியவில், விக்டோரியா நீர்த்தேக்கக் கரையோரமாக மத்தியான வெயிலில் நடந்தால் சட்டை தொப்பலாக நனைந்துவிடும். "இன்றைக்கு நல்லாக் கொழுப்புக் கரைஞ்சது" என்ற திருப்தியும் கூடவே வரும். போனது கொழுப்பல்ல, தண்ணீர். வீட்டுக்கு வந்து வயிறாரக் குடித்தால் தராசு முள் பழைய இடத்துக்கே போய்விடும்.

தசைகள் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய கால்வாசிதான் வேலையாகிறது, மிச்சமெல்லாம் சூடு. அந்தச் சூட்டை வெளியேற்றத் தோலுக்கு இரத்தம் பாய்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது. துடிப்பை வைத்துக் கலோரி சொல்லும் கைக்கடிகாரங்கள் ஏமாறுவது இங்கேதான். உண்மையில் கூடுதல் செலவு சொற்பம். வெயிலில் சீக்கிரம் களைத்து உட்கார்ந்துவிட்டால் மொத்தக் கணக்குக் குறையவும் கூடும்.

நக்கிள்ஸ் மலைப்பக்கம் ஏறினால் ஆயிரம் மீற்றருக்கு ஆறு பாகையளவு குளிர் கூடும். உடல் நடுங்கினால் சக்திச் செலவு பல மடங்காகும், மெய்தான். ஆனால் விறுவிறுவென்று நடப்பவருக்கு நடுக்கம் எங்கே வரும்?

ஏற்றம்தான் பெரிய விஷயம். 70 கிலோ எடையுள்ளவர் 100 மீற்றர் உயரம் ஏறச் சுமார் 65 கலோரி செலவாகும். வெயிலோ பனியோ, அதில் பெரிய மாற்றமில்லை. ஆகவே காலை வெள்ளெனப் புறப்படுங்கள். போத்தலில் தண்ணீர் இருக்கட்டும்.