கடல் கடந்து ஒரு குடித்தனம்



குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்காகக் காத்து நிற்போரின் கைகளைச் சற்றே நோக்கினால், அத்தீவின் வாழ்க்கை ஓரளவு விளங்கிவிடும். அரிசி மூட்டை, மருந்துப் பொதி, சீமெந்துப் பை, சில வேளை ஒரு கதிரை. எல்லாம் கடல் வழியேதான் போக வேண்டும். ஓர் அலுமாரியைக் கொண்டு செல்வதானால் வாகனக் கூலி, ஏற்றுகூலி, படகுக் கூலி, இறக்குகூலி என்று அலுமாரியின் விலைக்குப் பக்கத்தில் இன்னொரு விலை வந்து நிற்கும்.

ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணத்துக்கு அப்பாலுள்ள அத்தீவில் நான் ஒரு பாடசாலைக்கு அதிபராக இருக்கிறேன். சில ஆண்டுகளின் முன் ஒரு தை மாதத்தில், வவுனியாவிலிருந்து முதல் நியமனம் பெற்று வந்த இளம் ஆசிரியை ஒருவரைப் பார்த்துவர விடுதிக்குச் சென்றேன். வெற்றறையின் நடுவே தம் பயணப் பெட்டியின்மேல் அமர்ந்திருந்தவர், என்னைக் கண்டதும் எழுந்தார். "சேர், உங்களை இருக்கச் சொல்ல ஒரு கதிரைகூட இல்லை" என்றார்.

அந்தக் குரலிலிருந்த கூச்சத்தை நான் நன்கறிவேன். வேறொரு தீவில் அதை நானே அனுபவித்தவன். அந்தக் கதையையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

நம்மவர் ஆசிரியத் தொழிலின் பொருட்டுக் கடல் கடப்பது புதிதன்று. 1970களிலும் 1980களிலும் நைஜீரியாவுக்கும் சாம்பியாவுக்கும் சென்ற யாழ்ப்பாணத்து ஆசிரியர் பலர். நான் சென்றது அத்துணைத் தொலைவன்று. 2012ஆம் ஆண்டில், சம்பளமற்ற விடுமுறை பெற்று, மாலைதீவின் ஒரு சிறு தீவுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போனேன். காரணம், வேலணையிலிருந்த எங்கள் வீட்டுக் கூரை. 1990இல் இடம்பெயர்ந்த நாங்கள் திரும்பி வந்து பார்த்தபோது சுவர்கள் நின்றன, கூரை இல்லை. ஓடு போடப் பணம் வேண்டியிருந்தது.

எனக்குக் கொடுக்கப்பட்ட வீட்டில் இரண்டு அறைகள், ஒரு மின்விளக்கு, ஒரு தண்ணீர்க் குழாய். வேறெதுவும் இல்லை. நான் இருமினால் வீடும் இருமிற்று. முதற் சம்பளம் வரும்வரை செலவிடக் கையில் இருந்தது 1500 ரூபியா. அந்த நாட்டு நாணயத்தின் பெயர் அதுதான்.

முதலாவது தவறு படுக்கையில் நேர்ந்தது. பஞ்சு மெத்தையொன்றை வாங்கித் தரையில் விரித்துவிட்டால் கட்டிற்செலவு மிச்சம் என்று எண்ணினேன். மழை தொடங்கி இரண்டு கிழமைகளில் மெத்தையின் அடிப்புறம் கறுத்துப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. கடற்காற்றில் ஈரம் மிகுதி. குளிர்ந்த தரைக்கும் உடற்சூட்டுக்கும் இடையே அந்த ஈரம் சிறைப்படுகிறது. கீழே காற்றோட்டம் இருந்தாலன்றி எந்த மெத்தையும் நிலைக்காது. பின்னர் படகு கட்டுமிடத்தில் கழித்துவிட்ட பலகைகளை இரந்து பெற்று, சீமெந்துக் கற்களின்மேல் இடைவெளி விட்டு அடுக்கிப் படுத்தேன். அவர்கள் படகைத் தோணி என்றே சொல்கிறார்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன். அந்நிய நாட்டில் ஒரு சொல் கிடைப்பதும் ஒரு தளபாடம் கிடைப்பது போன்றதுதான்!

மேசைக்கு ஒரு பழைய கதவு. உடுப்புக்கு ஒரு கொடிக்கயிறு. குசினிக்கு ஓர் அடுப்பும் இரண்டு பாத்திரங்களும். இவற்றைப் பற்றி விரித்துரைக்க ஒன்றுமில்லை. தனியாக வாழும் எவரும் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வார்.

கதிரை மட்டும் ஒன்றே ஒன்று வாங்கினேன். நான் ஒருவன், எனக்கெதற்கு இரண்டு? இரண்டாவது கதிரையின் விலைக்கு வேலணையில் எத்தனை ஓடு வாங்கலாம் என்று கணக்குப் பார்த்தேன். அந்தக் கணக்கில் எனக்குப் பெருமையும் இருந்தது.

ஒரு மாலை, என் மாணவன் ஒருவனின் தகப்பனார், மீன்பிடித் தொழிலாளர், ஒரு சூரை மீனுடன் வந்தார். இருங்கள் என்று என் கதிரையைக் காட்டினேன். ஆசிரியர் நிற்கத் தாம் இருப்பதா என்று அவர் மறுத்துவிட்டார். இருவரும் நின்றபடியே சிறிது நேரம் பேசினோம். அவர் போய்விட்டார். அதன்பின் இரண்டு மாதங்களாக என் வாசலுக்கு எவரும் வரவில்லை. பாடசாலைக்கு வெளியே யாரோடும் பேசாத நாட்கள் பல. ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு திரும்பிவிடலாமா என்றும் நினைத்தேன்.

அப்பொழுதுதான் என் தாயாரின் நினைவு வந்தது. 1990இல் வலிகாமத்தில் பிறர் வீட்டு விறாந்தை ஒன்றில் நாங்கள் ஒதுங்கியிருந்தோம். முதல் நாளே அவர் ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் சேலைத் துண்டை மடித்துப் போட்டார். எங்களில் எவரையும் அதில் இருக்க விடவில்லை. அது வருவோருக்கு. இருபது வயதில் அது எனக்கு வீண் ஆடம்பரமாகத் தோன்றிற்று.

கல்வியாண்டு முடிவில் நாடு திரும்பிய ஓர் இந்திய ஆசிரியர் தம் ஜோலியை எனக்குச் சொற்ப விலைக்குத் தந்தார். ஜோலி என்பது சட்டத்தில் கயிற்றை வலைபோலப் பின்னிய இருக்கை; அந்நாட்டில் எங்கும் காணலாம். காற்று ஊடே போவதால் வெக்கையும் தெரியாது, ஈரமும் தங்காது. அதை வாசலில் மரநிழலில் போட்டேன். மறுநாளே அயல்வீட்டு முதியவர் ஒருவர் கேட்காமலே வந்து அமர்ந்தார். அவரிடம் நான் திவேகி மொழியும், என்னிடம் அவர் பேரன் ஆங்கில இலக்கணமும் கற்றனர். இரண்டு ஆண்டுகளையும் முடித்தே ஊர் திரும்பினேன். கூரைக்கு ஓடும் வந்தது.

ஆகையால், நெடுந்தீவில் அந்த ஆசிரியை சொன்னதும் எனக்கு என்ன செய்வதென்று விளங்கிவிட்டது. உடைந்த வகுப்பறை வாங்குகளை முறைப்படி எழுத்தில் பதிந்து பெற்று, உள்ளூர்த் தச்சரைக் கொண்டு இரண்டு கதிரைகள் செய்வித்தோம். இரும்புக் கட்டில் வேண்டாம் என்றேன். உப்புக் காற்று அதைத் தின்றுவிடும். வைரம் பாய்ந்த பனஞ்சட்டத்தில் ஒரு சாக்குக் கட்டில் அமைந்தது. மேசையை ஒரு பெற்றார் தந்தார். பாயும் பெட்டியும் பனையோலையில் தாமே வந்து சேர்ந்தன.

ஆசிரியருக்கு ஒரு பாய் போதாதா என்று கேட்போர் உளர். அவர்கள் அந்த அறையில் ஓர் இரவு தங்கிப் பார்க்கவேண்டும். திறப்பை மாத்திரம் கையளித்து விடுதி தந்தோம் என்பது சிக்கனமன்று.

அந்த ஆசிரியை முதலாந் தவணையிலேயே இடமாற்றத்துக்கு எழுதியிருந்தார். அதைக் கதிரைகள் தடுத்தன என்று நான் சொல்லமாட்டேன். முறைப்படி காலம் முடித்தே, சென்ற ஆண்டு இடமாற்றம் பெற்றார். அது அவருடைய உரிமை. இருந்த காலத்தில் மாலை வேளைகளில் அவ்விடுதி விறாந்தையில் பிள்ளைகளும் தாய்மாரும் அமர்ந்திருப்பதைக் கண்டிருக்கிறேன். போகும்போது, வீட்டிலுள்ள பொருள்களின் பட்டியலைத் தம் கையால் எழுதிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிட்டுப் போனார். கட்டில் ஒன்று, மேசை ஒன்று, கதிரை இரண்டு, வாளி ஒன்று, கொடிக்கயிறு ஒன்று. கதிரைகளில் ஒன்றின் பின்கால் ஆடுகிறது என்ற குறிப்பும் அதில் உண்டு.

வருகிற கிழமை அவ்விடுதிக்கு இன்னொருவர் வருகிறார். திங்கட்கிழமைப் படகில் நான் ஆணியும் பசையும் கொண்டுபோகிறேன்.