பலிபீடத்துக்குக் கிட்டே
(அம்பத்தூர்க் கூட்டமொன்றில் பேசியதிலிருந்து)

தோழர்களே, லேவியராகமம் 21ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்க. ஆசாரியன் குடும்பத்தில் ஒருத்தர் குருடாகவோ முடமாகவோ இருந்தா (வேதத்து வார்த்தை, என்னுதில்ல) அப்பம் தின்னலாம். பலிபீடத்துக்குக் கிட்டே வரக்கூடாது. சோறு உண்டு, கிட்ட வராதே. சேரிக்காரனுக்கு இதை விளக்கணுமா?

வடக்கன்குளம் கோயிலில் சாதி பிரிச்ச சுவரை 1910இல் இடிச்சாங்க. நம்ம கோயில் படிக்கட்டு அப்படியே நிக்குது. பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கு அரசுப் பள்ளியே இருக்கு. ஆவடி, அம்பத்தூர் சபைகளில் பிரெய்ல் பாட்டுப் புத்தகம் எத்தனை? மாற்றுத்திறனாளியைக் கண்டா தலையில் கைவைத்து ஜெபிக்க ஓடுறோம். சுகம் வேணுமான்னு அவரைக் கேட்டோமா? சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளம் போதும்னு சொல்லியிருப்பார்.

அது தர்மமும் இல்ல. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் பொதுக் கட்டடத்தில் வழிபாட்டு இடமும் அடக்கம்.

உயிர்த்தெழுந்த இயேசு காயம் ஆறிப்போய் வரல. தோமாவுக்கு அதைத்தான் காட்டினார். தானே ஊனத்தோடு வாழ்ந்த அமெரிக்க இறையியலாளர் நான்சி ஈஸ்லண்ட் 1994இல் ‘ஊனமுற்ற கடவுள்’ என்று புத்தகம் எழுதியது இந்தக் காயங்களை வைத்துத்தான்.

வர்ற சபைத் தேர்தலில் கமிட்டிக்கு ஒரு மாற்றுத்திறனாளியை நிறுத்துங்க. அவங்க தலித் பெண்ணா இருந்தா, யார் யார் முகம் சுளிக்குறாங்கன்னு குறிச்சு வைங்க.