மலையேறிய கல்லூரி

(மாணவர் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



'சிறுத்தை' என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. 1972-இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் இயக்கம் தோன்றியது. பிறகு அந்தப் பெயர் மதுரைக்கும் வந்தது. பம்பாய் இளைஞர்கள் அதை அமெரிக்காவின் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். இதுவரை உங்களில் பலருக்குத் தெரியும். அந்தக் கருஞ்சிறுத்தைகள் எங்கே உருவானார்கள்? கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில், குரோவ் தெருவில் இருந்த மெரிட் கல்லூரியில். அது ஒரு சமுதாயக் கல்லூரி. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

சமுதாயக் கல்லூரி என்பது இரண்டாண்டுப் படிப்புக்கானது. 18 வயதானவர் யாரும் சேரலாம். பள்ளி மதிப்பெண் தடையில்லை. கலிபோர்னியாவில் 1984 வரை கல்விக் கட்டணமும் கிடையாது. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் 1960-இல் அந்த மாநிலம் போட்ட உயர்கல்வித் திட்டத்தைப் பாருங்கள். முதல் எட்டில் ஒரு பங்கு மாணவர்களுக்குப் பெரிய பல்கலைக்கழகம். முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வருபவர்களுக்கு மாநிலக் கல்லூரி. மற்ற எல்லோருக்கும் சமுதாயக் கல்லூரி. படிக்கட்டு போட்டு அடுக்கிவைப்பது என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைசிப் படியில் உட்கார வைக்கப்பட்டவர்கள் அந்தப் படியை என்ன செய்தார்கள் என்பதுதான் மெரிட் கல்லூரியின் கதை.

இரண்டாம் உலகப் போரின்போது கப்பல் கட்டும் வேலைக்காகத் தென் மாநிலங்களிலிருந்து கறுப்பினக் குடும்பங்கள் ஓக்லாந்துக்கு வந்தன. போர் முடிந்தது, வேலையும் போனது. அப்படி வந்த குடும்பங்களின் பிள்ளைகள்தான் ஹியூ நியூட்டனும் பாபி சீலும். பள்ளியை முடித்தபோதுகூடத் தனக்குச் சரியாகப் படிக்க வராது என்று நியூட்டன் பின்னாளில் தன் வரலாற்றில் எழுதினார். அப்படிப்பட்டவருக்கும் கதவைத் திறந்து வைத்திருந்த கல்லூரி அது.

கல்லூரி கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருவிலேயே இருந்தது. வகுப்பு முடிந்து வெளியே வந்தால் நடைபாதையிலேயே கூட்டம், விவாதம். எங்கள் வரலாற்றைப் பாடமாக வை, எங்கள் ஆசிரியர்களை நியமி என்று மாணவர்கள் போராடினார்கள். 1960-களின் இறுதிக்குள் கறுப்பினக் கல்விப் படிப்பு அங்கே வந்துவிட்டது. அமெரிக்காவிலேயே அத்தகைய முதல் சில படிப்புகளில் அதுவும் ஒன்று.

அதோடு அவர்கள் நிற்கவில்லை. 1966 அக்டோபரில் நியூட்டனும் சீலும் கருஞ்சிறுத்தைகள் கட்சிக்கான பத்து அம்சத் திட்டத்தை எழுதினார்கள். எழுதிய இடம், சீல் வேலை பார்த்த வறுமை ஒழிப்பு மையம். திட்டத்தின் ஐந்தாவது அம்சமே கல்விதான்.

அவர்கள் துப்பாக்கி ஏந்திய படங்களைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. நான் ஒரு சிக்னல் விளக்கை நினைவூட்டுகிறேன். 55-ஆவது தெருவும் மார்க்கெட் தெருவும் சந்திக்கும் இடத்தில் பள்ளிக் குழந்தைகள் வண்டிகளில் அடிபட்டார்கள். விளக்கு கேட்டு மனு கொடுத்தும் நகர நிர்வாகம் இழுத்தடித்தது. தோழர்கள் சாலையில் இறங்கினார்கள். வண்டிகளை நிறுத்திக் குழந்தைகளைக் கடக்க வைத்தார்கள். 1967-இல் விளக்கு வந்தது. 1969 ஜனவரியில் ஓக்லாந்தின் புனித அகஸ்டின் தேவாலயத்தில் குழந்தைகளுக்கு இலவசக் காலை உணவு தொடங்கினார்கள். வகுப்பறையில் தொடங்கிய கேள்வி இப்படித்தான் தெருவுக்கு வந்தது.

பிறகு என்ன ஆனது? ஒன்று கைவிட்டுப் போனால் 'மலையேறிவிட்டது' என்போம். மெரிட் கல்லூரி நிஜமாகவே மலையேறியது. ஓக்லாந்தின் சமவெளியில் ஏழைகளும் கறுப்பின மக்களும், குன்றுகளில் வசதி படைத்த வெள்ளையர்களும் வாழ்ந்த காலம் அது. ஊரும் சேரியும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மக்கள் எதிர்த்தும் 1971-இல் கல்லூரி குன்றின்மேல் புதிய வளாகத்துக்குப் போனது. கட்டடம் புதிது, இடம் விசாலம். ஆனால் வேலை முடித்து நடந்தே வகுப்புக்கு வந்தவர் இனி பேருந்து பிடித்து மேலே ஏற வேண்டும். கல்லூரியை மூட வேண்டிய அவசியமே இல்லை தோழர்களே. எட்டாத இடத்தில் வைத்தாலே போதும்.

இதை அண்ணல் அம்பேத்கர் அறிந்திருந்தார். 1946-இல் பம்பாயில் சித்தார்த் கல்லூரியைத் தொடங்கியபோது, வேலைக்குப் போகிறவர்களும் படிக்கட்டும் என்று காலை வகுப்புகள் வைக்கப்பட்டன. யாருக்காகக் கல்லூரி என்பதை அதன் நேரமும் இடமும் கட்டணமுமே சொல்லிவிடும்.

இங்கே உட்கார்ந்திருக்கும் பலர் உங்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். உங்கள் கல்லூரி மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு குடியிருப்பு இருக்கும். அங்கிருந்து கல்லூரிக்குள் வருகிறவர்கள் யார்? துப்புரவு வேலைக்கு வரும் அம்மாக்கள் மட்டும்தானா? அவர்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பத் தெரியும்? சாதிச் சான்றிதழுக்காக எத்தனை முறை அலைக்கழிக்கப்பட்டார்கள்? கேட்டிருக்கிறோமா?

பெரிய இயக்கம் கட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. வாரம் ஒரு மாலை அந்தத் தெருவில் உட்காருங்கள். விண்ணப்பம் நிரப்பிக் கொடுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுங்கள். விடுமுறை நாளில் அவர்களுக்கும் நூலகத்தைத் திறந்துவிடு என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். மறுத்தால், ஏன் என்று கேளுங்கள். அந்த 'ஏன்'-இலிருந்துதான் அரசியல் தொடங்குகிறது.

நாம் படித்து மேலே ஏறுவோம், ஏறத்தான் வேண்டும். ஆனால் கல்லூரியும் நம்மோடு சேர்ந்து மலையேறிவிடாமல் பார்த்துக்கொள்வோம்.

ஜெய்பீம்.