எரிமலை வாயில் பிறக்கும் உப்புகள்



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் எரிமலையைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். திட்டக்குடியில் எரிமலை இல்லை. ஆயினும் அதன் வாயில் நிகழும் வேதியியல் நம் மக்களின் கைக்குப் பழகியதே.

வெள்ளாற்றுக்குத் தெற்கே, பெரம்பலூர், அரியலூர் வட்டாரக் களிமண் படுகைகளில் ஜிப்சம் கிடைக்கிறது. அது நீர் சேர்ந்த கால்சியம் சல்பேட்டு. ஏறத்தாழ 150 பாகை செல்சியசு வெப்பத்தில் சுட்டால், தன் நீரில் முக்கால் பங்கை இழந்து பிளாஸ்டர் மாவாகிறது. அம்மாவில் நீர் ஊற்றினால் சூடேறி, இறுகி, மீண்டும் ஜிப்சமாகிறது. பீங்கான் வார்க்கும் அச்சுகள் இம்மாவால் ஆனவை. மூட்டையில் ஈரம் பட்டால் மாவு வீணாகும் என்பதை விருத்தாசலத்து அச்சுத் தொழிலாளி நன்கறிவார்.

இவ்வறிவை மனத்திற்கொண்டு, இரஷ்யாவின் கிழக்குக் கோடியிலுள்ள கம்சாத்காவைக் காண்போம். அங்கே டோல்பாச்சிக் எரிமலை 1975 சூலை முதல் 1976 டிசம்பர் வரை நிலத்தைப் பிளந்து தீக்குழம்பைக் கக்கியது. வெடிப்புகளின் வழியே எழும் ஆவியில் கந்தகமும், செம்பு, சோடியம் முதலிய உலோகங்களும் கலந்திருந்தன. அவை காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் கூடிக் குளிர்ந்தபோது, பச்சையும் நீலமுமான சல்பேட்டுப் படிகங்களாகப் படிந்தன. அவற்றுள் பல நீரற்றவை. மழை பட்டால் கரையும், ஈரக்காற்றில் உருமாறும். அவை அழியுமுன் பல்லாண்டுகள் தேடித் திரட்டியவர்களுள் ஒருவர் லிதியா வெர்காசோவா என்னும் பெண் அறிஞர். அவர் பெயரால் வெர்காசோவைட்டு என்றொரு கனிமமே வழங்குகிறது.

கண்ணுக்குப் புதிதாகத் தோன்றுவதெல்லாம் புதுக் கனிமம் ஆகிவிடாது. அதிலுள்ள தனிமங்களை அளந்தறிய வேண்டும். எக்ஸ் கதிரால் அணுக்களின் அமைப்பைக் காண வேண்டும். பன்னாட்டுக் கனிமவியல் சங்கம் ஏற்க வேண்டும். அம்மலையின் 2012-13 வெடிப்பில் விளைந்த சரஞ்சினைட்டு என்னும் சோடியம் செம்புச் சல்பேட்டு, 2018இல் இவ்வாறு அறிவிக்கப்பட்டது. அது ஈரத்தை உறிஞ்சினால் கிரோன்கைட்டு என்னும் பழைய கனிமமாகிவிடும். சுட்டால் மீண்டும் சரஞ்சினைட்டாகும். நம் பிளாஸ்டர் மாவின் கதையன்றோ இது! 2020இல் அறிவிக்கப்பட்ட பெட்ரோவைட்டின் அமைப்பு, சோடியம் மின்கலங்களுக்குப் பயன்படக்கூடும் என அறிஞர் கருதுகின்றனர்.

பெற்றோர்களே, மண்ணைத் தொட்டவர்க்கு ஏடு மறுக்கப்பட்டது; ஏட்டைத் தொட்டவரோ மண்ணைத் தொடவில்லை. இதனால் இழப்பு நமக்கு மட்டுமன்று, அறிவியலுக்கும்தான். நெருப்பும் நீரும் பொருளை எப்படி மாற்றும் என்னும் முதற்பாடம் நம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கிடைக்கிறது. கிடைக்காதது ஆய்வுக்கூடமே.

100 கிராம் ஜிப்சத்தை மாவாகச் சுட்டால் ஏறத்தாழ 16 கிராம் குறையும். அக்குறைவை ஒரு மாணவி தன் கையால் நிறுத்துக் காணட்டும். அதற்கான தராசையும் அடுப்பையும் கொடுப்பதே இக்கழகத்தின் அடுத்த இருபத்தைந்தாண்டுப் பணியின் தொடக்கமாகட்டும் என வேண்டி அமைகிறேன்.