மென்பொருள் என்ற போர்வையில் மைஸிர்



புகழனைத்தும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் இறுதித் தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



வீட்டிலிருந்தபடியே உழைப்பதை இஸ்லாம் கண்ணியப்படுத்தியிருக்கிறது. நபியவர்களின் துணைவியரில் ஒருவரான ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்கள் தோலைப் பதனிட்டு, தைத்து, அதனால் கிடைத்த வருமானத்தைத் தருமம் செய்து வந்தார்கள். எனவே கைக்குழந்தையுடைய தாயோ, கணவனை இழந்த சகோதரியோ, தொழிலற்ற வாலிபனோ வீட்டில் இருந்தவாறு வருமானம் தேடுவது பாராட்டுக்குரியது. இந்த நல்ல ஆசையையே தூண்டில் இரையாக்கும் ஒரு வியாபாரத்தைப் பற்றித்தான் இங்கு எச்சரிக்க விரும்புகின்றோம்.

அவுஸ்திரேலியாவில் பல ஆண்டுகளாக நடைபெற்ற ஒரு மோசடியைப் பாருங்கள். குதிரைப் பந்தயத்தினதும் விளையாட்டுப் போட்டிகளினதும் முடிவைக் கணிக்கும் கணினி மென்பொருள் எனக் கூறி, அதனை ஆயிரக்கணக்கான டொலர்களுக்கு விற்றார்கள். சூது என்ற சொல்லை அவர்கள் தவிர்த்தார்கள். 'முதலீடு' என்றார்கள், 'வீட்டுத் தொழில்' என்றார்கள். பளபளப்பான கையேடுகளும், கடந்த கால இலாபத்தைக் காட்டும் வரைபடங்களும், ஓயாத தொலைபேசி அழைப்புகளும் வந்தன. வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது கம்பனி மூடப்பட்டிருந்தது. வேறொரு பெயரில் அதே வியாபாரம் மீண்டும் திறக்கப்பட்டது. 1995 ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட அந்நாட்டின் போட்டித்திறன் மற்றும் நுகர்வோர் ஆணைக்குழு, இத்தகைய மென்பொருட்கள் குறித்துத் தன் மக்களை எச்சரித்தது.

வாசகர்களே! இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். இரு அணிகளும் சமபலமுடைய ஒரு போட்டியில் 100 ரூபா கட்டி வென்றால் 200 ரூபா கிடைப்பதே நியாயம். பந்தய நிலையமோ 190 ரூபாவையே கொடுக்கும். இரு பக்கமும் 100 ரூபா வீதம் கட்டினால் 200 ரூபா போய், 190 ரூபா திரும்பும். 10 ரூபா நிலையத்திற்கு. எந்த அணி வென்றாலும் நிலையம் வெல்கிறது.

'தோற்றால் அடுத்த முறை இரட்டிப்பாகக் கட்டுங்கள்; இழப்பு மீண்டுவிடும்' என்று சில மென்பொருட்கள் கற்பிக்கின்றன. 500 ரூபாவில் தொடங்கிப் பத்து முறை தொடர்ந்து தோற்றவர் 511,500 ரூபாவை இழந்திருப்பார். பதினோராவது முறை அவர் 512,000 ரூபா கட்ட வேண்டும். வென்றாலும் மிஞ்சுவது 500 ரூபா மாத்திரமே!

'எங்கள் கணிப்பு ஐந்து முறை சரியாக வந்ததே' என்பார்கள். 1,024 பேரில் பாதிப் பேருக்கு ஓர் அணி வெல்லும் என்றும், மறுபாதிக்கு அடுத்த அணி வெல்லும் என்றும் செய்தி அனுப்பினால், எவ்வித அறிவும் இன்றியே 512 பேருக்குச் சரியான கணிப்புக் கிடைத்துவிடும். சரியாகப் பெற்றவர்களை மட்டும் மீண்டும் மீண்டும் பிரித்துச் சென்றால், ஐந்து போட்டிகளின் பின் 32 பேர் எஞ்சுவர். அந்த 32 பேருக்கும் அது அற்புதமாகத் தோன்றும். ஏமாந்த மற்ற 992 பேரை அவர்கள் அறியமாட்டார்கள். இவை அனைத்தையும் விட எளிய கேள்வி ஒன்று உண்டு: உண்மையிலேயே பணம் காய்க்கும் மரம் தன் முற்றத்தில் இருந்தால், எவராவது அதன் கன்றைத் தெருத் தெருவாக விற்பாரா?

அல்லாஹு தஆலா ஸூரதுல் மாஇதாவின் 90, 91 ஆம் வசனங்களில் மதுவையும் சூதையும் ஷைத்தானின் அருவருப்பான செயல்களில் சேர்த்து, அவை பகைமையை விதைத்து, தொழுகையை விட்டும் தடுக்கின்றன என உணர்த்துகிறான். 'நான் சூதாடவில்லை; மென்பொருளைத்தான் வாங்கினேன்' என்று எவரும் தம்மைத் தேற்றிக்கொள்ள முடியாது. ஹராமுக்கு இட்டுச் செல்லும் வழியும் ஹராமே. விற்பவனின் குற்றமோ இரட்டிப்பானது. ஈரமான தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்து விற்ற வியாபாரியைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். இங்கு குவியல் முழுவதுமே ஈரம்!

இதே தூண்டில் இன்று கைத்தொலைபேசி வழியாக எம் இல்லங்களுக்குள்ளும் வருகிறது. முதலில் சிறு தொகையொன்றைத் தந்து நம்பிக்கையூட்டுவார்கள். பின்னர் பெருந்தொகையை வைப்பிலிடச் சொல்வார்கள். மனைவியின் நகை அடகுக்குப் போகும். பிள்ளையின் படிப்புக்குச் சேர்த்த பணம் கரையும். பணத்தை விடப் பெரிய இழப்பு, வெட்கத்தினால் வீட்டுக்குள் புகும் பொய்யும் மௌனமும் ஆகும்.

ஆகவே சகோதர சகோதரிகளே! வேலை தருபவர் உங்களுக்குச் சம்பளம் தர வேண்டும். உங்களிடம் முற்பணம் கேட்கக் கூடாது. உழைப்பு என்ன, யாருக்குப் பயன், பணம் எங்கிருந்து வருகிறது ஆகிய மூன்றுக்கும் தெளிவான பதில் இல்லையெனில் விலகிவிடுங்கள். எதிலும் பணம் கட்டு முன் வீட்டாருடன் மஷூரா செய்யுங்கள். ஏமாந்திருந்தால் இழந்ததை மீட்க மேலும் கட்டாதீர்கள். பற்றுச்சீட்டுகளையும் குறுஞ்செய்திகளையும் அழிக்காமல் வைத்து, உடனே வங்கிக்கும் பொலிஸாருக்கும் அறிவியுங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்திலும் முறையிடலாம். ஏமாந்தவரை ஏளனம் செய்யாதீர்கள். உங்கள் ஏளனத்துக்கு அஞ்சி அவர் வாய்மூடினால், அடுத்த வீட்டாரும் அதே குழியில் விழுவர்.

குறைவாயினும் ஹலாலானதில் பரக்கத் உண்டு. வல்ல அல்லாஹ் எம் அனைவரினதும் உழைப்பைத் தூய்மையாக்கி, எம் இல்லங்களை இச்சூழ்ச்சிகளிலிருந்து பாதுகாப்பானாக! ஆமீன்.