தேத்தண்ணியும் தொழிலாளர் நலமும்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சம்பளம், போனஸ், வீட்டு வசதி என்று பேச வேண்டிய மேடையில் இவர் தேத்தண்ணியைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று சிலர் எண்ணலாம். விடியுமுன் பெரட்டுக்குப் புறப்படும் வீட்டில் முதலில் அடுப்பில் ஏறுவது தேத்தண்ணிக் கேத்தல்தான். ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை நம் வயிற்றுக்குள் போகும் பொருள் நமக்கு நன்மை செய்கிறதா, தீமை செய்கிறதா என்று தெரிந்துகொள்வதும் தொழிலாளர் பிரச்சினைதான். உடம்புதானே நம்முடைய மூலதனம்!

முதலில் இந்தத் தேத்தண்ணி எங்கிருந்து வந்தது? "தே" என்பது ஹொக்கியன் சீனர்களின் சொல். தேயிலை குடிக்கும் பழக்கமும் சீன தேசத்தில் பிறந்ததே. இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 1867-ல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். அங்கே இருந்த காப்பிச் செடிகளை இலை நோய் அழித்த பிறகு, மலை முழுவதும் தேயிலை பரவியது. அந்தச் செடிகளை நட்டவர்கள் யார்? கொழுந்து கிள்ளியவர்கள் யார்? தமிழ்நாட்டிலிருந்து போன நம் உறவினர்கள்தாம். அவர்களில் பெரும்பாலோரை 1948-ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்கள் ஆக்கியது. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003-ல்தான் வந்தது.

தமிழ்நாட்டு வால்பாறைப் பகுதித் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்த பி. எச். டேனியல், பிற்காலத்தில் தொழிற்சங்கம் கட்டியவர். அவர் தேயிலைத் தொழிலாளர் பட்ட பாட்டை வைத்து 1969-ல் "ரெட் டீ" என்ற நாவலை எழுதினார். "எரியும் பனிக்காடு" என்று அது தமிழில் வந்திருக்கிறது. நம் நாட்டிலும் 1929-ல் கேமரன் மலையில் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தோட்டத்தில் தமிழர் கைகள் கொழுந்து கிள்ளியிருக்கின்றன. ஆகவே பால் வெட்டும் நாம் தேத்தண்ணி குடிக்கும்போது, இன்னொரு தோட்டத் தொழிலாளியின் வியர்வையைத்தான் கையில் ஏந்துகிறோம்.

நிற்க. கறுப்புத் தேயிலை, பச்சைத் தேயிலை, சீனரின் ஊலோங் என்று கடையில் பல பெயர்கள் உண்டு. இவை வெவ்வேறு மரத்து இலைகள் அல்ல. எல்லாம் ஒரே செடி. கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்பட வைத்து நன்றாகக் கறுக்கவிட்டால் கறுப்புத் தேயிலை. கறுக்குமுன்பே சூடு காட்டி நிறுத்திவிட்டால் பச்சைத் தேயிலை. பாதியில் நிறுத்தினால் ஊலோங். மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் "லியு பாவ்" என்ற தேயிலையை விரும்பிக் குடித்தார்கள். வெயிலிலும் சேற்றிலும் நின்ற அவர்களுக்கு அதுவே களைப்புத் தீர்க்கும் பானம்.

தேயிலையில் நன்மை உண்டா? உண்டு. அதில் உள்ள காஃபீன் தூக்கக் கலக்கத்தைப் போக்கி மனத்தைத் தெளிவாக்குகிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்துப் போடுவதால் கிருமி சாகிறது. வெயிலில் இழந்த நீரையும் ஓரளவு ஈடு செய்கிறது. பிரிட்டனில் ஏறத்தாழ 5 லட்சம் பேரைப் பல ஆண்டுகள் கவனித்து, 2022-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். தினமும் 2 கோப்பையோ அதற்கு மேலோ குடிப்பவர்களிடையே மரணம் சற்றுக் குறைவாக இருந்ததாம். ஆனால் தேநீர்தான் அதற்குக் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. தேநீர் நல்ல பானம். அது மருந்து அல்ல.

அப்படியானால் தீமை எங்கே இருக்கிறது? தோழர்களே, இலையில் அதிகம் இல்லை. நாம் அதில் கொட்டுகிற சீனியிலும் கட்டிப்பாலிலும் இருக்கிறது!

கணக்குப் பார்ப்போம், கிராணிமார்கள் சரிபார்த்துக்கொள்ளலாம். ஒரு மேசைக்கரண்டி கட்டிப்பால் சுமார் 20 கிராம். அதில் பாதிக்கு மேல் சீனி. இரண்டு கரண்டி ஊற்றிய ஒரு கிளாஸ் தே தாரிக்கில் 20 கிராமுக்கு மேல் சீனி போய்விடுகிறது. மூன்று கிளாஸ் குடித்தால் 60 கிராமைத் தாண்டும். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன அளவு என்ன? சேர்க்கும் சீனி, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும். 25 கிராமுக்குள் இருந்தால் மேலும் நல்லது. பலகாரம், ரொட்டி எதுவும் தின்னாமலே நாம் எல்லையைத் தாண்டி விடுகிறோம்.

இதன் பலன் என்ன? 2023-ம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி இந்நாட்டில் பெரியவர்களில் 15.6 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு, இனிப்பு நீர் இருக்கிறது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே இந்த வியாதி மிக அதிகம். சிரம்பான், ரந்தாவ், லாபு, பகாவ் எங்கே போனாலும், கால் விரலை இழந்தவர், சிறுநீரகம் கெட்டு இரத்தம் சுத்திகரிக்க வாரம் மூன்று நாள் போகிறவர் என்று யாரையாவது காட்டுவார்கள். காலை இழந்த மனிதன் எப்படி மரத்துக்கு மரம் நடப்பான்? அரசாங்கம் 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து புட்டிப் பானங்களின் சீனிக்கு வரி போட்டது. நம் வீட்டு மங்கில் விழும் சீனிக்கு யார் வரி போடுவார்? நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

கட்டிப்பாலைப் பற்றி இன்னொரு செய்தி. 1939-ல் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். தலைப்பு: "பாலும் கொலையும்". தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கட்டிப்பால் கொடுத்துக் குழந்தைகளைச் சாகவிடுகிறார்கள் என்று அவர் நேருக்கு நேர் கண்டித்தார். இன்றும் சிலர் சின்னக் குழந்தைக்குப் புட்டியில் இனிப்புத் தேத்தண்ணி கொடுக்கிறார்கள். அது பசியை அமர்த்தும், உடம்பை வளர்க்காது. பல்லையும் கெடுக்கும்.

தாய்மார்களுக்கு ஒரு முக்கியமான வார்த்தை. சோற்றோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால், கீரை, பருப்பில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேருவது பாதிக்கு மேல் குறைந்து போகலாம். இரத்தம் குறைந்து, மூச்சு வாங்கி, தலை சுற்றும் பெண்களும் கர்ப்பிணிகளும் இதை மறக்கக் கூடாது. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணி நேரம் விடுங்கள். சோற்றோடு எலுமிச்சைச் சாறு சேர்த்தால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். கர்ப்பிணிகள் கடும் தேத்தண்ணியையும் கோப்பியையும் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதும் வீரம் அல்ல. 65 டிகிரிக்கு மேல் சூடான பானத்தை வழக்கமாகக் குடிப்பது உணவுக் குழாயில் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2016-ல் அறிவித்தது. கடைக்காரர் இரண்டு மங்குகளுக்கிடையே நீட்டி இழுத்து ஆற்றுகிறாரே, அது நுரைக்காக மட்டும் அல்ல. வாய் பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டு வரவும்தான். தே தாரிக் அடங்கிய மலேசியக் காலையுணவுப் பண்பாட்டை 2024-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நம் கடைத்தெருப் பெருமை அது!

அப்படியானால் தேத்தண்ணியை விட்டுவிடச் சொல்கிறேனா? இல்லவே இல்லை. ருசியாகவும் குடிக்கலாம், பத்திரமாகவும் குடிக்கலாம். கடையில் "குராங் மானிஸ்" என்று சொல்லுங்கள். இந்த வாரம் ஒரு கரண்டி, அடுத்த வாரம் அரைக் கரண்டி என்று குறைத்தால் நாக்கு பழகிக்கொள்ளும். பிறகு "தே ஓ கோசோங்" குடித்துப் பாருங்கள். அப்போதுதான் இலையின் மணம் தெரியும். பால் வேண்டுமானால் "தே சி கோசோங்" இருக்கிறது. மழைக்காலத்தில் இஞ்சி தட்டிப் போடலாம். வேலியோரத்துச் செரையைக் கொதிக்க வைக்கலாம். பாட்டி போட்ட சுக்கு மல்லிக் காப்பியும், சீனர் கடைச் செவ்வந்திப் பூத் தண்ணியும் தேயிலை இல்லாதவை, தூக்கத்தைக் கெடுக்காது. அதிகாலை நாலு மணிக்கு எழுகிறவர்கள் மாலையில் கடும் தேத்தண்ணியை விட்டு இவற்றைக் குடிக்கலாம். ஆனால் "இனிப்பு நீர் தீரும்" என்று பொட்டலம் விற்பவரை நம்பி டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தி விடாதீர்கள்.

முடிவாக ஒன்று. குளிர்ந்த வைகறையில்தான் பால் நன்றாக வடிகிறது. ஆகவே விடியுமுன் காட்டுக்குப் போகிறோம். வெறும் வயிற்றில் ஒரு மங்கு இனிப்புத் தேத்தண்ணியோடு மணிக்கணக்கில் உழைக்கிறோம். சாப்பிட நேரம் இல்லாதவன்தான் சீனியில் பசியாறுகிறான்! 1955-ம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60ஏ பிரிவு, குறைந்தது 30 நிமிட ஓய்வு இல்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்கிறது. 1990-ம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம், தோட்டக் குடியிருப்புக்குப் போதிய குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. பசியாறும் நேரத்தையும் நல்ல தண்ணீரையும் கேட்பது பிச்சை அல்ல, உரிமை. உங்கள் தோட்டத்தில் அவை கிடைக்கவில்லையானால் கிளைச் செயலாளரிடம் எழுத்து மூலம் தெரிவியுங்கள்; கிராணிமார்கள் எழுதிக் கொடுத்து உதவுங்கள்.

சீனியைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. ஓய்வைப் பெறுவது நம் ஒற்றுமையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வெளியே தேத்தண்ணி தயாராக இருக்கிறது. சீனி தனியாக வைத்திருக்கிறோம். அளவு பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.