எலுமிச்சையும் என் கொழுப்புக் கணக்கும்
(நமது சங்கத்தின் மூத்தோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் படித்தது பி.காம்., பார்த்தது வங்கி எழுத்தர் வேலை. மருத்துவம் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நான் செய்த ஒரு முட்டாள்தனம்தான் தகுதி.

கொழுப்புக்காக ஆறு வருடமாக அடோர்வாஸ்டேடின் மாத்திரை சாப்பிடுகிறேன். போன வருடம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது: வெறும் வயிற்றில் வெந்நீரில் எலுமிச்சையும் தேனும் கலந்து குடித்தால் கொழுப்பு கரையும், தொப்பை குறையும், மாத்திரையே வேண்டாம். வீட்டில் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினேன். நான்கு மாதம் கழித்து, "என்னங்க, அட்டை அப்படியே இருக்கு?" என்று மனைவி கண்டுபிடித்துவிட்டார். ரத்தப் பரிசோதனை செய்தோம். 98-ல் இருந்த எல்.டி.எல். 171 ஆகியிருந்தது. எடையும் ஒரு கிலோ கூடியிருந்தது. பின்னே, ஒரு மேசைக்கரண்டி தேனில் சுமார் 60 கலோரி. நான் தினமும் இரண்டு கரண்டி விட்டேன்!

அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். அந்தச் செய்தி முழுப் பொய்யும் அல்ல. ஆரஞ்சு, சாத்துக்குடி வகைகளில் ஹெஸ்பெரிடின், நரிஞ்சின், நோபிலெடின் என்று சில பொருள்கள் உண்டு. கனடாவின் லண்டன் நகரில் உள்ள வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார், கொழுப்பு மிகுந்த தீனி தின்ற எலிகளுக்கு நோபிலெடின் கொடுத்துப் பார்த்தார்கள். எடை ஏறுவது குறைந்தது, ஈரலில் கொழுப்பு சேர்வதும் குறைந்தது. 2011-ல் அதை வெளியிட்டார்கள். ஆனால் அளவைப் பாருங்கள். தீனியில் 0.3 சதவீதம், அதாவது ஒரு கிலோவுக்கு மூன்று கிராம், சுத்தமான நோபிலெடின். அது பழத்தில் இருப்பதோ மில்லிகிராம் கணக்கில், அதுவும் பெரும்பாலும் நாம் தூக்கி எறியும் தோலில். எலுமிச்சைச் சாற்றில் தேடினால் கிடைக்காது.

மனிதர்களிடமும் சோதித்திருக்கிறார்கள். கொழுப்பு ஓரளவு கூடியிருந்தவர்களுக்கு நான்கு வாரம், ஒரு பிரிவுக்குத் தினம் 800 மில்லிகிராம் ஹெஸ்பெரிடின், இன்னொரு பிரிவுக்கு 500 மில்லிகிராம் நரிஞ்சின், மாத்திரையாகவே கொடுத்தார்கள். 2010-ல் வந்த முடிவு: கொழுப்பில் மாற்றம் இல்லை. வேறு சில ஆய்வுகள் கொஞ்சம் குறைந்ததாகச் சொல்கின்றன. ஆக, வரவு வைக்கலாமா என்றே தெரியாத தொகை அது. அதை நம்பி நான் காசோலை எழுதிவிட்டேன்.

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம், ஏனென்றால் இது நம் பூங்கா மரத்தைப் பற்றியது. அதே லண்டன் நகரில் டேவிட் பெய்லி என்ற ஆய்வாளர், பெலோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரையோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். மதுவின் ருசி தெரியாமலிருக்க கிரேப்ஃப்ரூட் சாறு கலந்தார். மருந்தின் அளவு ரத்தத்தில் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஏறியது. காரணம் மது அல்ல, சாறு! 1991-ல் 'லான்செட்' இதழில் விரிவாக வந்தது. குடல் சுவரில் மருந்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. அந்தப் பழத்திலுள்ள பியூரனோகூமரின்கள் அதை முடக்கிவிடுகின்றன. புது நொதி உண்டாக ஓரிரு நாள் ஆகும். அதனால் பழம் காலையில், மாத்திரை இரவில் என்று பிரித்தாலும் பயனில்லை.

கிரேப்ஃப்ரூட் யார் பிள்ளை தெரியுமா? நம் பம்பளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பிறந்தது. பம்பளிமாஸிலும் அந்தப் பொருள்கள் உண்டு. பூங்கா மரத்துப் பழத்தை வருடாவருடம் வீட்டுக்கு ஒன்று பங்கிடுகிறோம். சிம்வாஸ்டேடின், அடோர்வாஸ்டேடின் சாப்பிடுவோர் நம்மில் நிறையப் பேர். மருந்து அளவுக்கு மீறி ஏறினால் தசை வலி வரலாம். அரிதாகத் தசை சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கும். ரோசுவாஸ்டேடினுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. சாதாரண அளவில் எலுமிச்சைச் சாறு குடிப்பதற்குப் பயப்பட வேண்டாம். உப்பு நார்த்தங்காயில் உப்பும் ஒரு பிரச்சினை.

மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்த மூன்றாவது மாதம் எல்.டி.எல். 102. எலுமிச்சைத் தண்ணீர் இன்னும் குடிக்கிறேன், தேன் இல்லாமல், ருசிக்காக.

இந்த முறை பழம் வாங்க வரும்போது, உங்கள் மாத்திரை அட்டையை மருத்துவரிடமோ மருந்துக் கடைக்காரரிடமோ ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள். வேண்டாதவர்களின் பங்கைக் காவலாளிகளின் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.